கடனில்லாத கூரை

எங்கள் பக்கம் கூலிக்காரர் வீடு என்றால் கூரை வீடுதான். சவுக்குக் கழி, மூங்கில், மண் சுவர், தென்னங்கீற்று. ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஐப்பசி மழைக்கு முன் சில நாட்களில் ஒரு வீடு எழுந்துவிடும். தோப்பில் காய் பறிக்கப் போனவர்களுக்குக் கூலியோடு மட்டையும் கிடைக்கும். சுவருக்கு மண் குளத்திலிருந்து வரும். கூரை கட்டத் தெரிந்தவர் தெருவுக்கு இருவராவது இருப்பார்கள். சாப்பாடும் கொஞ்சம் பணமும், அவர்கள் வீட்டு வேலைக்கு நாம் போய் நிற்பதும்தான் அவர்களுக்குக் கூலி. காசு கொடுத்து வாங்கியவை கழியும் கயிறும் மட்டும். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடியும்போது எங்களுக்கு என்னென்ன போயிற்று என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். வீடு போயிற்று, தென்னை போயிற்று என்று சொல்கிறோம். ஆனால் அன்றோடு போனது அதைவிடப் பெரியது. கடன் வாங்காமல் ஓர் ஏழை கட்டிக்கொள்ளக்கூடிய வீடு என்ற ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அது போயிற்று.

வேதாரண்யத்துக்கு மேற்கே, நெய்விளக்கு, கருப்பம்புலம் போகிற வழியில் எங்கள் ஊர். பெயரை எழுதவில்லை, இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் அலுவலகங்களில் ஆகவேண்டிய காரியங்கள் இருக்கின்றன. நான் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். அம்மா கீற்று முடைவாள். மட்டையைக் குளத்தில் ஊறப் போட்டு, இரண்டாகப் பிளந்து, வெயில் ஏறுமுன் முற்றத்தில் குந்தியபடி முடைவாள். ஊறிய மட்டைக்கு ஒரு வாடை உண்டு; அழுகலும் இனிப்பும் கலந்தது. அம்மாவின் சேலையிலும் தலைமுடியிலும் நாங்கள் சாப்பிட்ட சோற்றிலும் அந்த வாடை இருந்தது. விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்தே இருக்கும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். நூறு கீற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. என் பள்ளிக்கூடச் செலவு முழுக்க அந்த நூறுகளில்தான் நடந்தது.

கூரை வீட்டை நான் கொண்டாட மாட்டேன். மூன்று வருஷத்தில் கீற்று மக்கிவிடும். அடை மழையில் பாத்திரங்களை ஒழுகும் இடத்துக்கெல்லாம் நகர்த்திக்கொண்டே இரவைக் கழிப்போம். முகட்டில் பாம்பு வரும். தீ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கிழவிகள் எழுந்து உட்காருவார்கள். கீழ்வெண்மணி எங்கள் மாவட்டம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அப்பாயி அப்போது இளம் பெண். அந்தச் செய்தி வந்த பிறகு பல நாட்கள் வாசலில்தான் படுத்தோம் என்பாள். அப்பாயி வீட்டார் குடியிருந்ததே பண்ணையார் நிலத்தில், களத்து மேட்டில். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் குடியிருந்த மனை அவர்களுக்கே என்று ஆனது. அப்பாயி அந்தக் காகிதத்தை ஒரு தகர டப்பாவில், கல்யாணத் தாலிக்கயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். எங்கள் தெருவுக்கு அந்தச் சட்டம் வந்தது. இரண்டு வாய்க்கால் தாண்டி இருந்த தெருவுக்கு வரவில்லை. அது கோயில் மனை. இந்த வேறுபாட்டை நாங்கள் ஐம்பது வருஷமாகப் பெரிதாக நினைத்ததே இல்லை. இரு பக்கமும் ஒரே கூரை, ஒரே ஒழுக்கு.

புயல் வருகிறது என்று நாலைந்து நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1952 புயலைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர்கள், 1977 புயலைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஊரில் இருந்தார்கள். ஆளுக்கொரு கதை. 15ஆம் தேதி சாயங்காலம் ஒரு சொட்டுக் காற்று இல்லை. வேப்ப இலை அசையவில்லை. நான் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்து, பெரிய அண்டாவில் உலை ஏற்றினேன். வயதானவர்களும் குழந்தைகளும் முதலில் வந்தார்கள். ஆண்கள் கூரை மேல் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் மனைத் தெரு அத்தாச்சி தன் மாமனாரை அழைத்துவர முடியாமல் நின்றார். கிழவர் உப்பளத்தில் வேலை செய்து கண் மங்கியவர். நடுக்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் நட்ட காலும்மா இது, போவாது" என்றாராம். அந்த முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. இரவு பத்து மணி வாக்கில் அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தபோது பார்த்தேன். அவர் யாரையும் திட்டவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் கையில் கூரை கட்டும் கயிற்றுத் துண்டு ஒன்று இருந்தது. வாங்கி வைக்கப் போனேன், விடவில்லை.

மின்சாரம் அதற்கு முன்பே போய்விட்டது. நள்ளிரவு தாண்டியதும் காற்று வடக்கிலிருந்து அடித்தது, சன்னல் கதவு பெயர்ந்தது, பெஞ்சுகளை அடுக்கி நாலு பேர் முதுகு கொடுத்து நின்றார்கள், சமையலறைத் தகரம் கிழிந்து பறந்தது, எங்கோ மாடு கத்தியது, பிறகு கத்தவில்லை, தேங்காய்கள் சுவரில் வந்து மோதின, குழந்தைகள் அழுவது வாய் அசைவில்தான் தெரிந்தது. திடீரென்று எல்லாம் நின்றது. முடிந்துவிட்டது என்று சிலர் வெளியே ஓடினார்கள். 1952ஐப் பார்த்த கிழவி மட்டும், "போவாதீங்கடா, திரும்பி வரும்டா" என்று கத்தினாள். திரும்பி வந்தது, இந்த முறை தெற்கிலிருந்து, முதலில் சாய்ந்து நின்றதையெல்லாம் எதிர்ப்பக்கம் முறித்துப் போட்டது.

விடிந்ததும் முதலில் என்னைத் தாக்கியது வாசனை. ஊர் முழுக்கப் பச்சை இலையை அரைத்ததுபோல் ஒரு நெடி. அடுத்து வெளிச்சம். எங்கள் ஊரில் காலை வெயில் தென்னை ஓலை வழியாகத்தான் தரைக்கு வரும். அன்று நேராக வந்தது. கண் கூசியது. தோப்புகள் படுத்துக் கிடந்தன, எல்லா மரமும் ஒரே திசையில் தலை வைத்து. தெரு எது என்று தெரியவில்லை. அம்மா எங்கள் வீட்டு இடத்தில் நின்றாள். மண் சுவர் கரைந்து மேடாக இருந்தது. அவள் முடைந்து அடுக்கி வைத்திருந்த கீற்றுக் கட்டுகளில் ஒன்றைக்கூடக் காணோம். அவள் அழவில்லை. மட்டை ஊறப் போட்ட குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளம் முழுக்க மட்டைதான், மரத்தோடு.

தோப்புக்காரர் ஒருவர், அவர் தோப்பில்தான் என் அண்ணன் காய் பறிக்கப் போவான், விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனதும் எழுந்து, "வீடு போயிடுச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றான் அண்ணன். "எனக்கு எல்லாம் போயிடுச்சு தம்பி" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு நாட்டு மரம் நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அவருக்கு வயது எழுபதுக்கு மேல். ஒரு மரத்துக்கு அரசு 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் வெட்டி அகற்றும் கூலியும் அடக்கம்.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று நட்டார்கள், அவர்களுக்கு நான் சமைத்திருக்கிறேன். முகம் தெரியாத இளைஞர்கள் வேன்களில் அரிசியும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார்கள். அவர்களை மறக்க மாட்டோம். நான் சொல்ல வந்தது அந்த வேன்கள் வருவது நின்ற பிறகு நடந்தது.

முழுதாக விழுந்த குடிசைக்கு 10,000 ரூபாய் நிவாரணம். பகுதி சேதத்துக்கு 4,100. புயலுக்கு முந்தைய எங்கள் ஊரில் 10,000 ரூபாய்க்கு ஒரு கூரை வீட்டை ஓரளவு எழுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கணக்கு தோப்பு நின்ற நாளின் கணக்கு. விழுந்த மரங்களின் ஓலை இரண்டு மூன்று மாதம் வரை கிடைத்தது. அம்மாவும் தெருப் பெண்களும் விளக்கு வைத்துக்கொண்டு இரவெல்லாம் முடைந்தார்கள். அந்த மாதங்களில் முடைந்ததுபோல் அவள் எப்போதும் முடைந்ததில்லை. பிறகு மட்டை தீர்ந்தது. கீற்று மேற்கேயிருந்து லாரியில் வந்து இறங்கத் தொடங்கியது. விலை இரண்டு மடங்கானது, அதைத் தாண்டியும் போனது. தன் கையால் ஆயிரக்கணக்கில் முடைந்தவள், தன் வீட்டுக்குக் கீற்று வாங்கக் கையில் பணத்தோடு லாரி ஓரம் நின்றாள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நெருக்கமா முடையல" என்று மட்டும் சொன்னாள்.

கூரை கட்டத் தெரிந்தவர்களும் குறைந்துபோனார்கள். இருந்த இருவரில் ஒருவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். மற்றவர் தினக்கூலி கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வீடும்தானே போயிற்று. நீ என் வீட்டுக்கு வா, நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்ற பழைய முறைக்கு, இரு பக்கமும் ஒரு வீடாவது நின்றிருக்க வேண்டும்.

கான்கிரீட் வீடு தருவோம் என்று அரசு சொன்னது. சொன்னபடி பலருக்குக் கொடுக்கவும் செய்தது. எங்களுக்கும் கிடைத்தது. பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் அப்போது ஒரு வீட்டுக்கு 1,70,000 ரூபாய். அதில் 50,000 மேல்தளத்துக்காக மாநில அரசு கூடுதலாகத் தருவது. 269 சதுர அடி. கேட்கும்போது பெரிய தொகை. கொத்தனார் மாமா முற்றத்தில் குச்சியால் கோடு போட்டுக் கணக்குச் சொன்னார். ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்ட் வெளியிலிருந்து வர வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு; சுவருக்கு ஊற்றினால் பூத்துப்போகும், நல்ல தண்ணீரை டேங்கரில் வாங்க வேண்டும். செங்கல், ஜல்லி, சென்ட்ரிங் வாடகை, சித்தாள் கூலி. "இன்னும் இவ்வளவு வேணும் தங்கச்சி" என்று அவர் சொன்ன தொகை, அரசு தருவதற்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. பணமும் முன்னால் வராது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து போட்டோ எடுத்த பிறகுதான் பில் வரும். பேஸ்மட்டத்துக்கு ஒன்று, லிண்டலுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று. முதல் பேஸ்மட்டத்தை எதை வைத்துப் போடுவது? அம்மாவின் தோடு, அண்ணியின் சங்கிலி, அதற்குப் பிறகு குழுக்கடன். எங்கள் குடும்பத்தில் வீட்டுக்காக ஒருவர் கடன் வாங்கியது அதுதான் முதல் முறை. அப்பாயி கட்டிய வீட்டுக்கும், அப்பா கட்டிய வீட்டுக்கும் ஒரு ரூபாய் வட்டி கட்டியதில்லை.

பிறகு அந்தத் தொகையை அரசே போதாதென்று உணர்ந்து 2,40,000 ஆக உயர்த்தியது. ஆனால் 2021இல் சிமென்ட் மூட்டை 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. கம்பி விலையும் ஏறியது. அரசு ஓர் எட்டு வைக்கும்போது விலை இரண்டு எட்டு வைத்தது. ஊரில் லிண்டல் மட்டத்தோடு நின்ற சுவர்களை இன்றும் காட்டுவேன். சுவருக்குள் ஆமணக்கு முளைத்திருக்கிறது. வெளியே சாய்ப்பு இறக்கி, தார்ப்பாய் போட்டுக் குடியிருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஓர் அலுவலர் என் காதுபடச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து முல்லை பறிக்கப் போகிறவர்.

வாய்க்காலுக்கு அப்பால், கோயில் மனைத் தெருவுக்கு இதுவும் இல்லை. பட்டா இல்லாத இடத்தில் திட்டத்தில் வீடு கட்ட முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தரை வாடகை கட்டிய ரசீதுகளை அத்தாச்சி ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். சில ரசீதுகள் புயலில் நனைந்து எழுத்து கலைந்திருந்தன. நான்தான் மனு எழுதினேன். மனு போன இடத்திலிருந்து வேறோர் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அந்த இடத்தில், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். பட்டியல் 2011இல் எடுத்த கணக்கெடுப்பு. அப்போது அத்தாச்சிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மாமனார் பெயரில்தான் குடும்பம். மாமனார் 2019 ஆவணியில் இறந்துபோனார். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவரப்பட்ட அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே, சித்திரை வெயிலில், "கீத்து போடுங்கடா, வேவுது" என்பதுதான் அவர் அடிக்கடி சொன்னது. புயலில் இறந்தவர் கணக்கில் அவர் இல்லை. என் கணக்கில் இருக்கிறார்.

நிலம் பற்றியும் சொல்ல வேண்டும். படுத்த தோப்புகளை எழுப்ப முடியாதவர்கள் விற்றார்கள். நாங்கள் மா, குழி என்று பேசிய நிலத்தைச் சதுர அடியாகப் பேசுகிறவர்கள் வாங்கினார்கள். ரோட்டோரத் தோப்பு ஒன்றில் வெள்ளைக் கல் நட்டு, வளைவு கட்டி, கொடி பறக்கவிட்டார்கள். யார் வாங்குகிறார்கள்? வெளிநாட்டில் வேலை செய்கிற பிள்ளைகள், நகரத்தில் இருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள். அவர்கள் மேல் பகை இல்லை, அவர்களும் நம் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு மனைக்கு அவர்கள் கொடுக்கிற விலைதான் ஊரில் எல்லா மனைக்கும் விலையாகிறது. பட்டா கிடைக்காவிட்டால் மூன்று சென்ட் வாங்கியாவது போவோம் என்று அத்தாச்சி நினைத்திருந்தார். விசாரித்துவிட்டு வந்து எதுவும் பேசாமல் வெங்காயம் உரித்தார்.

எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியுமாகத் திருப்பூர் போனார்கள். பனியன் கம்பெனி வேலை. ஒற்றை அறைக்கு வாடகை, அட்வான்ஸ். ஊரில் இல்லாத வீட்டுக்காக, அங்கே இன்னொருவர் வீட்டுக்கு மாதா மாதம் கட்டினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. திரும்பி வந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் நிவர் புயல், அடுத்தே புரெவி. காற்று பெரிதில்லை, மழைதான். நாள் கணக்கில் கொட்டியது. தார்ப்பாய் வயிறு ஊதித் தொங்கியது. நான் மறுபடி பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். இந்த முறை எங்கள் தெரு வரவில்லை. எங்களுக்குத் தளம் இருந்தது. வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். அம்மா எங்கள் புது வீட்டு வாசலில் நின்று அவர்கள் போவதைப் பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டி, ஒரு குண்டான் கஞ்சியோடு குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இப்போது கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டம் வந்திருக்கிறது. 2024இல் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடி. 2030க்குள் தமிழ்நாட்டில் குடிசையே இல்லாமல், 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. இதுவரை வந்த திட்டங்களில் இந்தத் தொகைதான் ஒரு கொத்தனாரின் கணக்குக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிறது. அதை நான் மனதாரச் சொல்கிறேன். இதற்கும் சொந்த மனை வேண்டும், பட்டா வேண்டும். கிராம சபையில் அத்தாச்சி எழுந்து நின்று பேசினார். முதல் முறையாக அவ்வளவு பேர் முன்னால் பேசினார். "எங்க மாமனாருக்கு அப்பா காலத்துலேர்ந்து அங்ஙனதான் குடியிருக்கோம். குடிசை இல்லாம பண்ணுவோம்ங்கறீங்க. குடிசைய எடுத்துட்டா நாங்க எங்க இருப்போம்?" மனுவை வாங்கிக்கொண்டார்கள். 1971இல் பண்ணையார் நிலத்தில் குடியிருந்தவனுக்கு மனையைக் கொடுக்க ஒரு சட்டம் போட முடிந்தது. வாய்க்காலைத் தாண்டி அதே கையை நீட்ட இத்தனை வருஷம் ஏன் ஆகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கோயிலுக்கு உரிய விலையை அரசு கொடுத்துவிட்டு மனையைக் குடியிருப்பவருக்கு எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஒரு காகிதம் இல்லாமல் எத்தனை லட்சம் அறிவித்தாலும் அந்தத் தெருவுக்கு ஒரு செங்கல் வராது.

போன ஐப்பசிக்கு முன் அத்தாச்சி வீட்டுக் கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அவர்கள் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் கீற்றுக்குத் திரும்பியிருந்தார்கள், பிள்ளைக்கு வெக்கை தாங்காமல். புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன, அவற்றின் ஓலையில் ஊருக்குக் காணாது. லாரிக் கீற்று, கழி, ஆள் கூலி எல்லாம் சேர்த்துக் கையில் இருந்த பணம் பாதிக்கும் எட்டவில்லை. வெள்ளிக்கிழமை சென்டர் மீட்டிங்கில் குழுக்கடன் கேட்டார். நானும் கூட இருந்தேன். கடன் கொடுக்க வந்த தம்பி சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். கடன் எதற்கு என்று கேட்டான்.

"கூரைக்குப்பா. கீத்து மாத்தணும்."

"அப்படிப் போட முடியாதுக்கா. வருமானம் வர்ற காரணமா இருக்கணும்" என்றவன், கொஞ்சம் யோசித்து, கறவை மாடு என்று போட்டுக்கொண்டான். அத்தாச்சி என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை வாங்கி, அவன் விரல் வைத்துக் காட்டிய மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டார். முதல் தவணை அடுத்த வெள்ளிக்கிழமை.